கண் திறந்த நாற்பத்திரண்டு பேர்

காலை ஆறு மணி பத்து நிமிஷம். நாற்பத்திரண்டு சிப்பாய்கள். எதிரே அன்னக்கொடி.

முதல் இரண்டையும் எந்த ஆண்பிள்ளையும் சமாளித்துவிடலாம். மூன்றாவது என் மனைவி.

சிப்பாய்கள் காரீயத்தில் வார்த்தவர்கள். ஆளுக்கு இரண்டங்குல உயரம். முந்தின நாள் மாலைதான் அத்தனை பேருக்கும் மஞ்சள் தலைப்பாகை பூசியிருந்தேன். பெயிண்ட் காய வேண்டும். காய்கிற வரையில் தூசி படக் கூடாது, எறும்பு ஏறக் கூடாது, பல்லி விழக் கூடாது. செல்லூரில் வாடகை வீட்டில் இந்த மூன்றும் நடக்காத இடம் ஒன்றுதான் அகப்பட்டது. ஆணியில் மாட்டியிருந்த முறம். அதை எடுத்து, ஆறு வரிசையாக, வரிசைக்கு ஏழு பேராக நிறுத்தி, அரிசிப் பானைமேல் வைத்திருந்தேன்.

அவள் அரிசி புடைக்க வந்தாள்.

"ஏங்க."

"ம்."

"என் மொறத்துல யாரோ நிக்கிறாக."

"யாரு?"

"நீங்களே வந்து பாருங்க. எல்லார் கையிலயும் துப்பாக்கி இருக்கு. எனக்குப் பயமா இருக்கு."

பயந்தவள் குரல் அப்படி இருக்காது. நான் பாயைவிட்டு எழுந்தேன்.

"நாலு மாசமா எங்கப்பா சீராக் குடுத்த மேசையில ஒரு டம்ளர் வைக்க எடமில்ல. பெயிண்டு டப்பா, வஜ்ஜிரம், மணலு, மரத்தூளு. சரி, ஆம்பளைக்கு ஒரு மேசை போகட்டும்னு விட்டேன். இப்ப மொறமும் போச்சா? நாளைக்கு ஒல மூடியில பீரங்கி காயுமா?"

பீரங்கி அஞ்சறைப் பெட்டியில் ஏற்கெனவே காய்ந்துகொண்டிருந்தது. அதை நான் சொல்லவில்லை.

என் நிலைமை வாசகர்களுக்குப் புரிய வேண்டுமானால் நல்லகாமனைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு அடுத்த தெருக்காரர். முதல் யுத்தத்தில் பஸ்ரா வரைக்கும் போய் வந்தவர். அங்கே அவர் கட்டி மேய்த்தது கோவேறு கழுதைகளை. ஆனால் போரைப் பற்றி அவர் பேசும்போது கழுதைகள் வருவதில்லை.

நான் பஞ்சாலையில் ஸ்டோர் குமாஸ்தா. எங்கள் ஆலையில் இருந்த வெள்ளைக்காரர் ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது வீட்டுச் சாமான்களை விற்றார். மற்றவர்கள் நாற்காலியும் பீரோவும் எடுத்தார்கள். ஒரு மரப்பெட்டியை மட்டும் யாரும் தொடவில்லை. நானும் நல்லகாமனும் எடுத்தோம். உள்ளே எண்பத்து நாலு ஈயச் சிப்பாய்கள், இரண்டு பீரங்கிகள். யாருக்கும் நிறம் கிடையாது. வார்த்த மேனிக்குச் சாம்பலாக நின்றார்கள்.

ஆளுக்குப் பாதி பிரித்துக்கொண்டோம். மதுரைக் கோட்டையைக் கும்பினிப் படை முற்றுகை போட்ட பழைய கதையை மேசைமேல் நடத்துவது என்று தீர்மானம். அவர் கும்பினி. நான் கோட்டை. காலாள் ஒரு முறைக்கு ஒரு சாண் நகரலாம், பீரங்கி அரைச் சாண். யாருடைய சாண் என்பதில் முதல் போர் ஒரு மணி நேரம் நின்றது. என் கை சின்னது. பிறகு ஆலையிலிருந்து அடிக்குச்சி வந்தது. சுடப்பட்டவன் பிழைப்பானா என்பதைத் தாயக்கட்டை சொல்லும். தாயம் விழுந்தால் ஆள் காலி. நிற்பவன் தானாக விழுந்தாலும் காலி.

அந்தக் கடைசி விதியில்தான் நான் அழிந்தேன். ஈயச் சிப்பாய்க்குக் காலடித் தகடு சின்னது. மேசையில் யாராவது தும்மினால் ஒரு வரிசை சாயும். தை மாதம் நடந்த போரில் நல்லகாமனுக்குச் சளி. மூன்று தும்மலில் என் இடப்பக்கம் முழுவதும் போயிற்று. போதாததற்கு, இரண்டு படையும் ஒரே சாம்பல் நிறம். என் ஆட்கள் நாலு பேரை அவர் தன் கணக்கில் நகர்த்திவிட்டார். நான் கண்டுபிடித்தபோது அவர்கள் என் கோட்டைக்குள்ளேயே நின்று என்னைச் சுட்டுக்கொண்டிருந்தார்கள்.

தோற்றவன், ஜெயித்தவனை அடுத்த போர் வரைக்கும் காப்பிக் கிளப்பில் எல்லார் முன்னாலும் 'தளபதி' என்று கூப்பிட வேண்டும். இது பந்தயம். "தளபதி, ஒரு காப்பி சாப்பிடுறீகளா?" என்று நான் கேட்க வேண்டும். "சிப்பாய் வாங்கித் தந்தா வேணாம்னா சொல்லப் போறேன்?" என்று அவர் சொல்வார். பெஞ்சு முழுக்கச் சிரிக்கும். தினம். ஆறு மாதமாக.

ஆகவே சபதம் எடுத்தேன். ஆனி மாதம் மறுபடி போர். அதற்குள் என் படைக்கு நிறம் பூசுவேன். ஒவ்வொருவனையும் அகலமான அடிக்கட்டையில் ஒட்டுவேன். நல்லகாமன் அல்ல, கோவேறு கழுதையே வந்து தும்மினாலும் அசைய மாட்டான்.

சீமைச் சிப்பாய்க்குத் தலையில் வாளி மாதிரித் தொப்பி. அதை அரத்தால் ராவி எடுத்து, மெழுகு தடவிய நூலைச் சுற்றித் தலைப்பாகை ஆக்கினேன். கோட்டைக்காரர்கள் என்ன நிறம் உடுத்தினார்கள் என்று ஒரு சரித்திர வாத்தியாரைக் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. ஆனால் தெரியாது என்பதை அவர் மிக விரிவாகச் சொன்னார். மஞ்சள் என்பது என் சொந்த முடிவு.

அந்த மஞ்சளைத்தான் அன்னக்கொடி முறத்தில் பார்த்தாள்.

"சொல்லுங்க. நாப்பத்தி மூணு வயசுல பொம்மை வச்சு வெளையாடுறீகளா?"

இதற்கு 'ஆமாம்' என்று பதில் சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அன்று மாலைக்குள் செய்தி அவள் அண்ணன் பேயாண்டிக்குப் போகும். மறுநாள் சமயநல்லூர் வட்டாரம் முழுவதும் மாப்பிள்ளை சொப்பு வைத்து விளையாடுகிறார் என்று பேசும். என் வாய் என்னைக் கேட்காமல் திறந்தது.

"அடியே, வாயில அடி. இது சாமி காரியம்."

"என்ன சாமி காரியம்?"

"நேத்திக்கடன். உங்க ஊரு அய்யனாருக்கு. ஆனியில புரவி எடுக்குறாகள்ல? அதுக்கு நான் ஒரு படை செஞ்சு வைக்கிறதா நேந்திருக்கேன்."

புரவி எடுப்பு என்றால் சுட்ட மண்ணில் குதிரை செய்து, வண்ணம் பூசி, ஊர்வலமாகக் கொண்டுபோய் அய்யனார் கோயிலில் விடுவது. குதிரையோடு காவல் சிப்பாய்களும் வைப்பது உண்டு. ஆகவே பொய் பொருத்தமாகவே இருந்தது. எங்கள் குலசாமி பேரைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் கோபக்காரர். பொய் சொன்னால் கை கால் போய்விடும். மாமனார் ஊர்ச் சாமிக்கு என்னை அவ்வளவாகத் தெரியாது. கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் ஒரு திருவிழாவுக்கும் நான் அங்கே போனதில்லை. அவளும் ஒவ்வொரு வருஷமும் கூப்பிடுவாள். நானும் ஒவ்வொரு வருஷமும் ஆலையில் லீவு இல்லை என்பேன்.

அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு சிப்பாய்களைப் பார்த்தாள்.

"எதுக்கு நேந்துக்கிட்டீக?"

"உனக்காகத்தான். முட்டுவலின்னு கெடந்தியே."

"முட்டுவலி எங்க அம்மாவுக்கு."

"அவுகளுக்காகத்தான்."

அன்னக்கொடி இரண்டு கையாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். முறத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "தெரியாமப் பேசிப்புட்டேன் சாமி" என்றாள். அன்றைக்கு அரிசியைச் சுளகு இரவல் வாங்கிப் புடைத்தாள்.

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். ஒன்பது வருஷத்தில் இப்படி நினைப்பது அது முதல் தடவை அல்ல. ஆனாலும் எனக்குப் புத்தி வரவில்லை.

மறுநாள் ஞாயிறு. ஞாயிறென்றால் எங்கள் வீட்டில் ஆட்டுக்கறி. இலையில் புடலங்காய்க் கூட்டு விழுந்தது.

"கறி?"

"என்னங்க கேள்வி இது? சாமிக்குப் படை செய்யிற கை. கவுச்சி ஆகுமா?"

"நான் இன்னும் காப்புக் கட்டலையேத்தா."

"நீங்க கட்டலைன்னா என்ன, நான் கட்டிப்புட்டேன்" என்று சொல்லி, மஞ்சள் துணியை என் மணிக்கட்டில் முடிந்தாள். அப்போதுதான் விரதத்தின் முழு விவரமும் வந்தது. விடியலில் வைகையில் குளிக்க வேண்டும். ஒரு பொழுதுதான் சாப்பாடு. கவுச்சி கிடையாது. பீடி கிடையாது. கிளப்புக் காப்பி கிடையாது. யார் தொட்ட பாத்திரமோ. வெறுந்தரையில் படுக்கை. செருப்பு கிடையாது. சவரம் கிடையாது.

"எம்புட்டு நாளைக்கு?"

"சாமி காரியம் முடியிற வரைக்கும்தான்."

பொய் சொல்லிவிட்டு அதற்காக விரதம் இருப்பவன் உலகத்திலேயே நான் ஒருவன்தான். ஆனி வெயிலில் செருப்பில்லாமல் ஆலைக்குப் போனேன். தார் ரோட்டில் நான் நடந்த நடையை நடை என்று சொல்ல முடியாது. மேனேஜர் கூப்பிட்டு, உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

பிறகு பசையில் வந்தாள். அடிக்கட்டை என்பது இரண்டு விரல் அகலத்தில் நான் அறுத்து வைத்திருந்த தேயிலைப் பெட்டிப் பலகை. அதன்மேல் சிப்பாயை வஜ்ஜிரத்தால் ஒட்டி, மணலைத் தூவி, மண்தரை மாதிரி ஆக்க வேண்டும். வஜ்ஜிரத்தை அடுப்பில் காய்ச்சியபோது மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து நின்றாள்.

"இது எதுல செய்யிறது?"

"தச்சுப் பசை. கடையில விக்கிறான்."

"எதுல செய்யிறதுன்னு கேட்டேன்."

"...தோலு. எலும்பு."

"செத்த மாட்டைக் காய்ச்சி அய்யனாருக்கு ஒட்டுறீகளா?"

சட்டி தெருவுக்குப் போயிற்று. அதற்குப் பதில் புளியங்கொட்டையை வறுத்து, இடித்து, காய்ச்சி, ஒரு பசை கொண்டுவந்தாள். அரைமனதாக ஒட்டினேன். காய்ந்தபின் சிப்பாயைப் பிடித்து இழுத்தால் மேசையும் சேர்ந்து வந்தது. எரிச்சலாக இருந்தது.

மணலும் அவளுக்குப் பிடிக்கவில்லை. "இம்புட்டுப் பெரிய மணலா? இந்த ஆளு ஒசரத்துக்கு இது பாறாங்கல்லுல்ல?" என்றாள். மாவுச் சல்லடையில் சலித்துத் தந்தாள். புல்லுக்கு நான் மரத்தூளில் பச்சைச் சாயம் தோய்த்து வைத்திருந்தேன். முகர்ந்து பார்த்துவிட்டு அதையும் கொட்டினாள். நிழலில் உலர்த்திய முருங்கைக் கீரையைக் கசக்கித் தூவினாள். அசல் வைகைக் கரை. நல்லகாமன் பார்த்தால் வயிறு எரியும். இதையெல்லாம் பக்தி என்றே எடுத்துக்கொண்டேன்.

உண்மையில் என் கவலை வேறு. புரவி எடுப்பு வெள்ளிக்கிழமை. போர் அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கிழமை சாமிக்குக் கொடுத்த படையை ஞாயிற்றுக்கிழமை எப்படி நடத்துவது? கோயிலில் வைத்ததைத் திருப்பி எடுப்பது எங்கள் பக்கத்தில் நினைத்துப் பார்க்கிற காரியம் அல்ல. வேறு வழி இல்லாமல் எதிரியிடமே யோசனை கேட்கப் போனேன்.

நல்லகாமன் கிளப்பில் ஆட்டுக்கால் சூப்பு குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கிண்ணத்தை என் மூக்குக்கு நேராக நகர்த்தி வைத்தார்.

"என்ன சிப்பாய், தாடியெல்லாம் அமோகமா இருக்கு?"

"தளபதி, ஒரு சங்கடம்" என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் சூப்பை முடித்தார். எலும்பையும் முடித்தார்.

"தம்பி கருத்தக்கண்ணா, ஒனக்குக் கண்ணு வச்சாச்சா?"

"எனக்கா?"

"ஒன் ஆளுகளுக்குடா."

"இன்னும் இல்ல. கண்ணு கடைசிலதான். எனக்கு அது ஒண்ணுதான் பாக்கி."

"பெறகென்ன? வேளார் வந்து குதிரைக்குக் கண்ணு தொறக்குற வரைக்கும் அது வெறும் மண்ணு. கண்ணு தொறந்தாத்தான் சாமி சொத்து. மூணு பேருக்கு மட்டும் கண்ணு வச்சுக் கோயில்ல குடுத்துரு. மிச்ச முப்பத்தொம்பது பேரும் குருடு. குருடனை எந்தச் சாமி படையில சேக்கும்? சனிக்கிழமை கண்ணு வச்சுக்க. ஞாயித்துக்கிழமை வந்து என்கிட்ட தோத்துட்டுப் போ."

பஸ்ராவில் கழுதை மேய்த்தவருக்கு இவ்வளவு ராஜதந்திரமா என்று வியந்தேன். அவரும் தன் கும்பினிப் படைக்குச் சிவப்புச் சட்டை பூசிவிட்டுக் கண் வைக்காமல் விட்டிருக்கிறார் என்பதைப் பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அவருக்குக் கை நடுங்கும்.

வீட்டுக்கு வந்து அன்னக்கொடியிடம் விஷயத்தை நாசூக்காகச் சொன்னேன். "ஏத்தா, நேந்துக்கிட்டது என்னமோ மூணு பேருதான். நாப்பத்தி ரெண்டும் இல்ல. மத்தவுக சும்மா தொணைக்கு."

"அப்படியா? நீங்க சொன்னாச் சரிங்க" என்றாள். ஒரு வார்த்தை மறுப்பில்லை. அன்றே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை. ஆலைக்கு லீவு போட்டிருந்தேன். மேசையில் வெளிச்சம் நன்றாக விழுந்திருந்தது. நாற்பத்திரண்டு பேரும் புல்தரையில், மஞ்சள் தலைப்பாகையோடு, கண் இல்லாமல் நின்றார்கள். அன்னக்கொடி தலைக்குக் குளித்துவிட்டு வந்து பக்கத்தில் நின்றாள்.

"சோலையம்மாக்கா நேத்து வந்துச்சு" என்றாள். சோலையம்மாள், நல்லகாமனின் மனைவி.

"என்னவாம்?"

"சும்மாதான். கிளப்புல நல்லகாமண்ணன் சொல்லிச்சாம். அதைச் சொல்லிச் சிரிச்சுச்சு. விடுங்க, அது எதுக்கு இப்ப."

"என்ன சொன்னாரு?"

"நீங்க விரதத்துல இருக்கீக. கோவப்படக் கூடாது."

"அடியே, சொல்லு."

"ஒங்களுக்குக் கை நடுங்குதாம். கண்ணு வைக்க வரலையாம். அதான் குருட்டுப் படையா வச்சிருக்காராம் தம்பின்னு சொல்லிச்சாம். பெஞ்சே சிரிச்சுச்சாம்."

"எனக்கா? எனக்கா நடுங்குது? நடுங்குறது அந்த ஆளுக்கு!"

"எனக்கென்னங்க தெரியும். நான் ஒங்க கையைப் பாத்தா நடுங்குற மாதிரிதான் இருக்கு."

அது கோபத்தில் நடுங்கியது. ஈர்க்குச்சி முனையில் ஆட்டுக்காது மயிர் நாலைக் கட்டி நானே செய்த தூரிகையை எடுத்தேன். கறுப்புப் பெயிண்ட் டப்பாவைத் தேடினேன். காணோம்.

"இந்தாங்க" என்று தன் கண்மைச் சிமிழை நீட்டினாள். எண்ணெய் விட்டுக் குழைத்துத் தயாராக இருந்தது.

கண் வைப்பது என்பது மூச்சில் இருக்கிறது. முதலில் அரிசிக் குருணையில் பாதி அளவுக்கு வெள்ளை. அது காய்ந்ததும் மூச்சை அடக்கி, நடுவில் ஒரு புள்ளி. மூச்சு விட்டால் புள்ளி மூக்குக்குப் போய்விடும். வெள்ளையை எல்லாருக்கும் முந்தின நாளே வைத்திருந்தேன். புள்ளிதான் பாக்கி. முதல் சிப்பாய்க்கு இரண்டு புள்ளி. அவன் என்னைப் பார்த்தான். இரண்டாமவன். மூன்றாமவன். திட்டப்படி நிறுத்தினேன்.

"பாத்தியா?"

அவள் குனிந்து பார்த்தாள். "மூணு நல்லா வந்துருச்சு. ஏதோ சாமி புண்ணியம்."

"சாமி புண்ணியமா? என் கை!"

"சரி சரி. நாலாவது வச்சா நடுங்கும்னு நிறுத்திட்டீக. அதுவும் நல்லதுதான்."

நாலாவதை வைத்தேன்.

"இவுகளுக்கு ஒண்ணரைக் கண்ணோ?" என்றாள்.

"யாருக்குடி ஒண்ணரைக் கண்ணு? வெளிச்சத்துல பாரு!"

"ஓரத்துல நிக்கிறவுகளைப் பாத்தா அப்படித் தெரியுது. ஒருவேளை பக்கத்துல இருக்கிறவுகளுக்குக் கண்ணு இல்லாததால அப்படித் தெரியுதோ என்னமோ."

பக்கத்தில் இருந்தவனுக்கு வைத்தேன். அவனுக்குப் பக்கத்தில் இருந்தவனுக்கும். அதற்குமேல் என்னை யாரும் தூண்ட வேண்டியிருக்கவில்லை. எனக்கு எதிரே மேசை தெரியவில்லை. காப்பிக் கிளப்புப் பெஞ்சு தெரிந்தது. ஒவ்வொரு புள்ளியையும் நல்லகாமன் நெற்றியில் வைப்பது மாதிரி வைத்தேன். அவள் நடுவில் ஒரு தடவை மோர் கொடுத்தாள். ஒரு தடவை விசிறினாள். "பின்வரிசைக்கு வர மாட்டேங்குதோ?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். பின்வரிசையும் முடிந்தது.

தூரிகையைக் கீழே வைத்தேன். நாற்பத்திரண்டு பேர், எண்பத்து நாலு கண். ஒன்றுகூடக் கோணல் இல்லை. நான் செய்ததிலேயே மிக உயர்ந்த வேலை அதுதான்.

"இப்பச் சொல்லு. யாருக்கு நடுங்குது?"

அவள் விரலை நீட்டி வரிசை வரிசையாக எண்ணினாள். ஆறு வரிசை, ஏழேழு பேர். பிறகு வாசல் பக்கம் திரும்பி நிதானமாகச் சொன்னாள்.

"அக்கா, எல்லாத்துக்கும் கண்ணு தொறந்தாச்சு!"

குலவைச் சத்தம் எழுந்தது. தெருப் பெண்கள் மொத்தமும் வாசலில் நின்றார்கள். முன்னால் ஆரத்தித் தட்டோடு சோலையம்மாள். செல்லூரில் அந்த நேரத்தில் தறிச் சத்தத்தை மீறி எதுவும் கேட்காது. அன்று தறிச் சத்தம் கேட்கவில்லை.

பெண்களுக்குப் பின்னால் கூண்டு வண்டி. வண்டியில் மைத்துனன் பேயாண்டி. அவன் பக்கத்தில் குதிரை செய்யும் முத்திருளன் வேளார்.

"வேளாரே!" என்று நான் அவரிடம் ஓடினேன். எனக்கு இருந்த கடைசிப் பிடி அவர்தான். "கண்ணு தொறக்குறது ஒங்க பாத்தியமில்லையா? நான் தொறந்தது செல்லாதுல்ல? இது முறைக்கு விரோதம்தானே?"

வேளார் உள்ளே வந்து குனிந்து பார்த்தார். ஒரு சிப்பாயை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார்.

"சுத்தமான கை" என்றார். "பாத்தியம் எங்களுதுதான் தம்பி. ஆனா தங்கச்சி போன வாரமே வீட்டுக்கு வந்து, வெத்தல பாக்கு வச்சு, என் வீட்டுக்காரரே தொறக்கட்டும்னு உத்தரவு வாங்கிட்டுப் போயிருச்சு. நானும் குடுத்துட்டேன்."

"போன வாரமா?"

"போன வாரம் வெள்ளிக்கிழமை."

நான் அன்னக்கொடியைப் பார்த்தேன். அவள் சிப்பாய்களை ஓலைப்பெட்டியில் வைக்கோல் பரப்பி அடுக்கிக்கொண்டிருந்தாள். பீரங்கியை அஞ்சறைப் பெட்டியிலிருந்து அவளே எடுத்துவந்தாள்.

"அது எதுக்கு? பீரங்கிக்குக் கண்ணு இல்லையே!"

"கண்ணு இருக்கிறவுக பாத்துக்கிருவாக" என்றாள்.

கண் திறந்த பொம்மை பொழுது சாயும்வரை வீட்டில் இருக்கக் கூடாது. ஆகவே உடனே கிளம்பினோம். பெட்டி வண்டியில் போயிற்று. விரதக்காரன் நடந்துதான் வர வேண்டுமாம். சமயநல்லூர் ரோட்டில் என் படைக்குப் பின்னால் வெறுங்காலோடு நான் நடந்தேன். வழியெல்லாம் ஜனங்கள் என் காலில் தண்ணீர் ஊற்றிக் கும்பிட்டார்கள். தண்ணீர் மட்டும் இதமாக இருந்தது.

கோயிலில் பத்தடி உயரத்துக்கு மண்குதிரைகள் வரிசையாக நின்றன. அவற்றின் குளம்படியில் என் ஆட்களை நிறுத்தினார்கள். ஒருவன்கூடச் சாயவில்லை. புளியங்கொட்டைப் பசை. கூட்டம் முழுவதும் வந்து குனிந்து பார்த்தது. மாமியார் முட்டுவலியை மறந்து மண்டியிட்டுப் பார்த்தார். "செல்லூரு மாப்பிள்ளை செஞ்சது" என்று அன்னக்கொடி ஒவ்வொருவரிடமும் சொன்னாள். ஒன்பது வருஷமாக அவள் தனியாக வந்து, "லீவு இல்லையாம்" என்று சொல்லிக்கொண்டு நின்ற இடம் அது.

பூசை முடிந்ததும் பேயாண்டியை ஓரமாக இழுத்தேன்.

"மச்சான், ஒரு உதவி. அந்தக் கொடி பிடிச்சவன் ஒருத்தனை மட்டும் எடுத்துக்கிறேன். நாப்பத்தொண்ணு இருக்கே, சாமிக்குப் போதாதா?"

"என்ன மாப்ள இப்படிக் கேக்குறீக? சாமிக்கு வச்சதை எடுத்தா எடுத்த கை வெளங்குமா?" என்றான். "அது இருக்கட்டும். அடுத்த வருசம் குதிரைப் படையாமே? தங்கச்சி சொல்லிச்சு. ஊரே சந்தோசப்படுது."

திரும்பும்போது என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டார்கள். காப்புத் துணியை அன்னக்கொடி அவிழ்த்தாள்.

"எப்பத் தெரியும் ஒனக்கு?" என்றேன் கடைசியில்.

"என்னது?"

"நேத்திக்கடன் இல்லைன்னு."

"அட, இல்லையா?" என்றாள். பிறகு முந்தானையால் என் காலில் ஒட்டியிருந்த தாரைத் துடைத்தாள். "நீங்க சாமி பேரைச் சொன்னீக. நான் சாமிகிட்டயே கொண்டுபோய்ச் சேத்துட்டேன். அம்புட்டுத்தான். வீட்டுக்குப் போனதும் மேசையைத் தொடச்சு விடுங்க. நாளைக்குக் கறி."

ஞாயிற்றுக்கிழமை போர்க்களத்துக்கு நான் வெறுங்கையோடு போனேன். நல்லகாமன் கும்பினிப் படையை அணிவகுத்து நிறுத்தி, அடிக்குச்சியை வாள் மாதிரிப் பிடித்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டார். வராத படை தோற்ற படை என்று தீர்ப்புச் சொன்னார். "கை நடுங்குதுன்னு கிளப்புல நான் எதுவும் பேசவே இல்லையே தம்பி" என்றும் சொன்னார். இன்னும் ஒரு வருஷம் அவர்தான் தளபதி. அன்றைக்கு அவர் சிரித்த சிரிப்பில் சிவப்புச் சட்டைக்காரர்கள் ஏழு பேர் சாய்ந்தார்கள்.

"பொஞ்சாதியை அடக்கத் தெரியாதவனுக்குக் கோட்டை எதுக்குடா?" என்றார். உள்ளே சோலையம்மாள் புளியங்கொட்டை வறுக்கும் வாசனை வந்தது. சாய்ந்த ஏழு பேரையும் நானே எடுத்து நிறுத்தினேன்.

மறு வருஷப் புரவி எடுப்பில், 1938-ம் ஆண்டு ஜூலை மாதம் 8-ந் தேதி வெள்ளிக்கிழமை, கும்பினிப் படையின் நாற்பத்திரண்டு சிப்பாய்களும் ஒரு பீரங்கியும் மேற்படி அய்யனார் கோயிலில் சேர்க்கப்பட்டன. தளபதி நல்லகாமன் வண்டிக்குப் பின்னால் நடந்து வந்தார்.